ஓ0-வில் ஓடுகிறது, ஓ2-வில் விழுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது எப்படி

நேற்று வரை நிரல் ஒழுங்காக ஓடியது. வேகம் போதவில்லை என்று யாரோ மேக்ஃபைலில் ஓ2 சேர்த்தார்கள் (ஓ0 என்றால் உகப்பாக்கமே இல்லை; ஓ2 என்றால் கம்பைலர் வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும்), அல்லது எல்டிஓவை (இணைப்பு நேர உகப்பாக்கம்: எல்லாக் கோப்புகளையும் லிங்க் நேரத்தில் ஒன்றாகப் பார்ப்பது) இயக்கிவிட்டார்கள். இன்று நிரல் விழுகிறது, விடை தப்பாக வருகிறது, அல்லது லிங்க் ஆகவே மறுக்கிறது. உடனே வரும் தீர்ப்பு ‘கம்பைலர் பக்’. என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றில் பிழை நிரலிலேயே வெகுநாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பைலர் அதைத் தட்டி எழுப்பியது, அவ்வளவுதான்.

கீழே உள்ளதெல்லாம் லினக்ஸில் ஜிசிசி என்ற சி, சி++ கம்பைலரை வைத்து எழுதியது. இன்னொரு கம்பைலரான கிளாங் வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். ஃபிளாக்குகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் சிறிய எழுத்து. ஓ, டபிள்யூ என்று தொடங்குபவற்றுக்கு மட்டும் முதல் எழுத்து பெரியது. ஓ0 என்பதில் முதலில் வருவது எழுத்து, அடுத்துதான் பூஜ்யம்.

முதலில் ஒரு வேலை

எந்த ஃபிளாக் உண்மையில் போகிறது என்று பாருங்கள். நிரல் கட்டும் கருவி நிஞ்சா என்றால் -வி, சிமேக் உண்டாக்கிய மேக்ஃபைல் என்றால் வெர்போஸ்=1 (இது முழுவதும் பெரிய எழுத்து). முழுக் கட்டளையும் திரையில் வரட்டும். ஒரே வரியில் -ஓ2-வும் -ஓ0-வும் இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும். பழைய .ஓ கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். பாதிக் கோப்புகள் பழைய ஃபிளாக்கோடு கிடந்தால் நீங்கள் தேடுவது பிழையே இல்லை, குப்பை.

இன்னொன்று: சிமேக்கின் ‘ரிலீஸ்’ ஜிசிசிக்கு -ஓ3-ஐ மட்டும் கொடுப்பதில்லை, கூடவே -டிஎன்டிபக் என்பதையும் சேர்க்கிறது (இது முழுவதும் பெரிய எழுத்து). அது அசெர்ட் (ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதிக்கும் வரி) எல்லாவற்றையும் காணாமல் ஆக்கும். யாராவது அசெர்ட்டின் அடைப்புக்குள்ளேயே கோப்பைத் திறக்கும் வேலையை வைத்திருந்தால், ரிலீஸில் அந்தக் கோப்பு திறக்கவே படாது. உகப்பாக்கத்தைக் குறை சொல்லும் முன் இந்த ஒன்றை கிரெப் செய்து பார்த்துவிடுங்கள்.

ஓ0-வில் சரி, ஓ2-வில் விழுகிறது அல்லது தப்பு விடை

அதிகம் வரும் புகார் இதுதான். வரிசையாகப் போவோம்.

-ஓ2-வோடு -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா இரண்டையும் போட்டுக் கட்டுங்கள். ஓ0-வில் இந்த எச்சரிக்கைகளைப் பார்த்திருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். மதிப்பு கொடுக்காத மாறியைப் பற்றிய எச்சரிக்கைகள் பல, உகப்பாக்கம் ஓடினால்தான் கம்பைலர் கண்ணுக்கே தெரியும். சி++-ல் ‘ரிட்டர்ன் இல்லை’ என்ற எச்சரிக்கை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஜிசிசி 8-லிருந்து, ரிட்டர்ன் இல்லாமல் முடியும் பாதைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. ஓ2-வில் அந்த இடத்தில் திரும்பும் கட்டளையே இருக்காது. ஓட்டம் நினைவகத்தில் அடுத்து இருக்கும் வேறொரு ஃபங்ஷனுக்குள் வழுக்கி விழும். ஜிடிபியில் (டிபக்கர்) பார்த்தால் யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரிதான் தெரியும்.

அடுத்து, ஓடும்போதே விதிமீறலைப் பிடிக்கும் சானிடைசர்: -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட். இதைக் கம்பைலுக்கும் லிங்குக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இங்கே அடிக்கடி மாட்டுவது குறியுள்ள முழு எண் வழிதல். வழிதலைக் கண்டுபிடிக்கிறேன் என்று நம்மில் பலர் இப்படி எழுதியிருப்போம்:

நீளம் + 100 < நீளம் என்றால் பிழை

கணக்குப்படி 100 கூட்டினால் குறையாது. குறியுள்ள எண் வழியாது என்று சி மொழி கம்பைலருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே இந்த நிபந்தனை எப்போதும் பொய் என்று ஜிசிசி முழு வரியையும் தூக்கிவிடும். ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 30475 என்ற எண்ணில் 2007-ல் இதே சண்டை நடந்தது; கம்பைலர்காரர்கள் இறங்கி வரவில்லை. கூட்டிவிட்டுச் சோதிக்காதீர்கள், கூட்டும் முன் சோதியுங்கள்: நீளம், உச்ச எண்ணில் 100 கழித்ததைவிடப் பெரியதா? அல்லது ஜிசிசி 5-லிருந்து உள்ள பில்டின் ஆட் ஓவர்ஃப்ளோவைப் பயன்படுத்துங்கள். அவசரமென்றால் -எஃப்ராப்வி போட்டுப் பாருங்கள். பிழை மறைந்தால் நோய் இதுதான் என்று தெரிந்துவிடும். மருந்து அதுவல்ல.

இதே குடும்பத்தில் நல் பாயின்டர் (எங்கும் சுட்டாத பாயின்டர்) சோதனையும் உண்டு. பாயின்டர் வழியாக உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ‘இது நல் பாயின்டரா?’ என்று கேட்டால், ஏற்கெனவே எட்டிப் பார்த்தாயிற்று, நல் பாயின்டராக இருக்க வாய்ப்பில்லை என்று கம்பைலர் கேள்வியை எடுத்துவிடும். லினக்ஸ் கெர்னலின் டன் டிரைவரில் 2009-ல் இதுவே பாதுகாப்பு ஓட்டையானது. அதன் பின் கெர்னல், -எஃப்நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ் என்ற ஃபிளாக்கோடு கட்டப்படுகிறது.

மேற்கண்ட சானிடைசர் பிடிக்காத ஒன்று இருக்கிறது: ஏலியாசிங். ஒரே நினைவிடத்தை ஒரு வகையாக எழுதி வேறு வகையாகப் படிப்பது. என்னை மூன்று நாள் அலைய வைத்தது அதுதான். ஒரு நிறுவனத்துக்காக நெட்வொர்க் பாக்கெட் கட்டும் பழைய நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பில் ஹெடரின் 32 பிட் முகவரிகளை நிரப்புவார்கள். இன்னொரு கோப்பில் உள்ள செக்சம் (பாக்கெட் கெடாமல் வந்ததா என்று பார்க்கும் கூட்டல்) ஃபங்ஷன் அதே ஹெடரை 16 பிட் துண்டுகளாகப் படித்துக் கூட்டும். ஓ2-வில் பல வருடம் ஓடியது. எல்டிஓ போட்டதும் செக்சம் தப்பு. மறுமுனை பாக்கெட்டைக் குப்பையில் போட்டது.

நடந்தது இது. இரண்டு கோப்பும் தனித்தனியாக இருந்தவரை, செக்சம் ஃபங்ஷன் உள்ளே என்ன செய்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. தெரியாததால், கூப்பிடும் முன் எல்லாவற்றையும் நினைவகத்தில் எழுதிவிட்டே போகும். எல்டிஓ வந்ததும் இரண்டு கோப்புக்கும் நடுவே இருந்த சுவர் போய், செக்சம் கூப்பிடும் இடத்துக்குள்ளேயே இன்லைன் ஆனது. இப்போது கம்பைலர் பார்க்கிறது: எழுதுவது 32 பிட் எண், படிப்பது 16 பிட் எண், வகை வேறு, ஆகவே இடமும் வேறாகத்தான் இருக்கும். அந்த நம்பிக்கையில், எழுதும் முன்பே படித்துவிட்டது.

சோதிக்க -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் போட்டுப் பாருங்கள் (லினக்ஸ் கெர்னல் நிரந்தரமாகவே இதோடுதான் கட்டப்படுகிறது). சரியாகிவிட்டால், அந்தப் படிக்கும் இடத்தில் மெம்காப்பி (பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்) வழியாக 16 பிட் மாறிக்குள் எடுங்கள். மெம்காப்பி என்றதும் வேகம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு பைட் மெம்காப்பியை ஓ2 ஒரே லோடு கட்டளையாக்கிவிடும். சி++20-ல் பிட்காஸ்ட் இருக்கிறது. கிளாங் 20-ல் இதைப் பிடிக்கவென்றே -எஃப்சானிடைஸ்=டைப் வந்திருக்கிறது.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா? பாதிப் பாதியாக வெட்டுங்கள். 64 கோப்புகள் இருந்தால் 32-ஐ ஓ0-வில், 32-ஐ ஓ2-வில் கட்டி லிங்க் செய்யுங்கள். விழுகிறதென்றால் குற்றவாளி ஓ2 பாதியில். அதை 16 ஆக்குங்கள். ஆறு சுற்றில் ஒரு கோப்பில் வந்து நிற்பீர்கள். அதற்குள் ஃபங்ஷன் ஃபங்ஷனாக ஆப்டிமைஸ் ஆட்ரிப்யூட் வைத்து ஓ0 ஆக்கிப் பார்க்கலாம் (கிளாங்கில் ஆப்ட்நன்). இந்த ஆட்ரிப்யூட் தேடுவதற்கு மட்டும். வெளியிடும் நிரலில் விட்டுவைக்காதீர்கள். எல்டிஓவில்தான் பிரச்சினை என்றால் இதே வெட்டை, பாதிக்கு -எஃப்நோ-எல்டிஓ போட்டுச் செய்யலாம்.

விழவில்லை, ஆனால் தொங்கி நிற்கிறது

கொடியாக வைத்த ஒரு மாறியின் மதிப்பு 1 ஆகும்வரை சும்மா சுற்றும் லூப் எங்காவது இருக்கும். லூப்புக்குள் அந்த மாறியை யாரும் தொடவில்லை, எனவே ஒரு தடவை படித்தால் போதும் என்று ஓ2 முடிவு செய்துவிடும். அந்த மாறியை மாற்றுவது இன்னொரு திரெட் என்றால் அட்டாமிக் ஆக்குங்கள். இன்டரப்ட் அல்லது சிக்னல் ஹேண்ட்லர் என்றால் வொலட்டைல். திரெட்டுக்கு வொலட்டைல் போட்டு ‘ஓடுதே’ என்று திருப்திப்படுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆர்ம் இயந்திரத்தில் திரும்பவும் வேலை வரும்.

பிரின்ட்எஃப் சேர்த்தால் பிழை ஓடிவிடுகிறது

பிரின்ட்எஃப் என்பது வெளி ஃபங்ஷன். அதைக் கூப்பிடும் முன் கம்பைலர் பல மதிப்புகளை நினைவகத்தில் இறக்கிவைக்க வேண்டும். அதனால் உகப்பாக்கம் அந்த இடத்தில் தடைப்படுகிறது. மேலே சொன்ன ஏலியாசிங்கையும் மதிப்பில்லாத மாறியையும் முதலில் சந்தேகியுங்கள்.

ஜிடிபியில் மாறியைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வருகிறதென்றால், அதைக் குறைக்க -ஓஜி (ஜிசிசி 4.8-லிருந்து) உதவும். ஆனால் ஓஜியில் பிழையே வராமல் போகலாம். அப்போது -ஓ2 -ஜி என்று வைத்துக்கொண்டு அசெம்பிளியைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

கட்டிய இயந்திரத்தில் ஓடுகிறது, வேறு இயந்திரத்தில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’

-மார்ச்=நேட்டிவ். வேறெதையும் தேட வேண்டாம். கட்டும் இயந்திரத்தின் சிப்பில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் அது பயன்படுத்திக்கொள்ளும். உறுதி செய்ய, விழுந்த இடத்தில் ஜிடிபியில் எக்ஸ்/ஐ $பிசி என்று கேளுங்கள். ஏவிஎக்ஸ் வகைக் கட்டளை (பல எண்களை ஒரே தடவையில் கணக்கிடுவது) ஒன்று நிற்கும்.

பல இயந்திரங்களுக்கு அனுப்புவதென்றால் ஜிசிசி 11-லிருந்து உள்ள எக்ஸ்86-64-வி2, வி3 நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வி3 என்றால் ஏவிஎக்ஸ்2-வும் எஃப்எம்ஏவும் (பெருக்கலும் கூட்டலும் சேர்ந்த கட்டளை) வேண்டும். இன்டெல்லில் அவை 2013-ன் ஹாஸ்வெல்லோடு வந்தவை. ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதற்கப்புறம் பல வருடம் வந்த பென்டியம், செலரான் சிப்புகளில் ஏவிஎக்ஸ் கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர் புத்தம் புதிய பெட்டி என்று சத்தியம் செய்தார். பெட்டி புதிதுதான், உள்ளே இருந்தது செலரான்.

கடைசி தசமத்தில் விடை மாறுகிறது, அல்லது என்ஏஎன் சோதனை வேலை செய்யவில்லை

என்ஏஎன் (எண்ணே அல்லாத விடை) சோதனைதான் சிக்கல் என்றால், காரணம் -எஃப்ஃபாஸ்ட்-மேத் அல்லது அதை உள்ளடக்கிய -ஓஃபாஸ்ட். ‘முடிவிலியோ என்ஏஎன்னோ வராது’ என்று அந்த ஃபிளாக் கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறது. ‘இது என்ஏஎன்னா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அது படிக்காமலே விடை எழுதிவிடும். ஃபாஸ்ட்-மேத்தின் வேகம் வேண்டும், ஆனால் இந்தச் சோதனையும் வேண்டும் என்றால் -எஃப்நோ-ஃபைனைட்-மேத்-ஒன்லியைப் பின்னால் சேருங்கள்.

கடைசி தசமம் மட்டும் மாறுகிறதென்றால், எஃப்எம்ஏ உள்ள சிப்புக்குக் கட்டியிருப்பீர்கள். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கி, நடுவே ஒரு தடவை முழுமைப்படுத்துவதை (ரவுண்டிங்) அது விட்டுவிடுகிறது. விடை பெரும்பாலும் இன்னும் துல்லியமாகத்தான் இருக்கும், பழையதோடு ஒட்டாது. ஒட்ட வேண்டுமென்றால் -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப். 32 பிட் எக்ஸ்86-ல் இன்னும் வேலை பார்க்கும் பாவப்பட்டவர்களுக்கு எக்ஸ்87-ன் 80 பிட் ரெஜிஸ்டர் தொல்லை தனி. ஜிசிசியின் பிழை எண் 323 அதுதான். -எம்எஸ்எஸ்இ2, -எம்எஃப்பிமேத்=எஸ்எஸ்இ இரண்டையும் போட்டால் தீரும்.

உங்கள் நிரலில் ஃபாஸ்ட்-மேத்தே இல்லை, இருந்தும் மிகச்சிறிய எண்கள் பூஜ்யமாகின்றனவா? நீங்கள் ஏற்றும் ஏதோ ஒரு ஷேர்டு லைப்ரரியை யாரோ ஃபாஸ்ட்-மேத்தோடு கட்டியிருக்கலாம். பழைய ஜிசிசியில், லைப்ரரி ஏறும்போதே சிப்பின் அமைப்பை மாற்றிவிடும் ஒரு துண்டு நிரல் அதோடு சேர்ந்து லிங்க் ஆகும். ஜிசிசி 13-ல்தான் ஷேர்டு லைப்ரரிகளுக்கு அதை நிறுத்தினார்கள்.

எல்டிஓ: ‘பிளகின் நீடட்’, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’

ஸ்டாட்டிக் லைப்ரரி கட்டும்போது ‘பிளகின் நீடட் டு ஹேண்டில் எல்டிஓ ஆப்ஜெக்ட்’ என்று ஒரு வரி ஓடியிருக்கும். கட்டல் நிற்காது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். கடைசியில் லிங்க் செய்யும்போது, லைப்ரரியில் கண்ணெதிரே இருக்கும் ஃபங்ஷனையே காணோம் என்று சொல்லும்.

ஜிசிசி 4.9-லிருந்து, எல்டிஓ போட்ட .ஓ கோப்பில் இயந்திரக் கட்டளை இருக்காது. கம்பைலரின் இடைநிலை வடிவம் மட்டுமே. சாதாரண ஏஆர் (.ஓ கோப்புகளை லைப்ரரியாகச் சேர்க்கும் கருவி), பிளகின் இல்லாவிட்டால், அதற்குள் என்ன பெயர்கள் இருக்கின்றன என்று படிக்கத் தெரியாமல் வெற்று அட்டவணை போட்டுவைக்கும். ஏஆர், என்எம், ரேன்லிப் மூன்றுக்கும் பதிலாக ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-என்எம், ஜிசிசி-ரேன்லிப் என்று வையுங்கள். கிளாங்கில் எல்எல்விஎம்-ஏஆர். லைப்ரரியை எல்டிஓ இல்லாதவர்களுக்கும் கொடுப்பதென்றால் -எஃப்ஃபேட்-எல்டிஓ-ஆப்ஜெக்ட்ஸ் போட்டு இரண்டு வடிவத்தையும் உள்ளே வையுங்கள். கோப்பு பெருக்கும், பரவாயில்லை.

‘பைட்கோடு ஸ்ட்ரீம்... ஜெனரேட்டட் வித் எல்டிஓ வெர்ஷன்’ என்று வந்தால், அந்தக் கோப்பு வேறு பதிப்பு ஜிசிசியில் கட்டியது. சரிசெய்ய முடியாது, மறுபடி கட்டுங்கள். இந்த இடைநிலை வடிவத்தை ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம் என்று யாரும் உறுதி தரவில்லை. எல்டிஓ .ஓ கோப்புகளைச் சேமித்துவைத்து அடுத்த வருடம் பயன்படுத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ‘ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு’ என்றால் கிளாங்கின் கோப்பை அது புரியாத லிங்கருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்; -எஃப்யூஸ்-எல்டி=எல்எல்டி போடுங்கள்.

இதெல்லாம் இல்லாமல் சத்தமில்லாமல் நடக்கும் தவறு ஒன்று: -எஃப்எல்டிஓவைக் கம்பைலுக்கு மட்டும் கொடுத்து, லிங்க் வரியில் ஓ2 போன்றவற்றை விட்டுவிடுவது. உண்மையான வேலை நடப்பது லிங்க் நேரத்தில்தான், ஆகவே சிஃபிளாக்ஸில் உள்ளதை எல்டிஃபிளாக்ஸிலும் வையுங்கள்.

எல்டிஓ லிங்க் முடிவதே இல்லை, அல்லது ‘கில்டு’

‘சிக்னல் 9’ என்று லிங்கர் செத்திருந்தால் டிமெசேஜை (கெர்னலின் பதிவு) பாருங்கள். நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றிருக்கும். தாமதம் மட்டும் என்றால், ‘யூசிங் சீரியல் கம்பைலேஷன்’ என்ற எச்சரிக்கை வந்திருக்கும். ஜிசிசி முழு நிரலையும் இயல்பாக 128 வரை துண்டுகளாக்கும். எத்தனை கோர் என்று சொல்லாவிட்டால் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கும். -எஃப்எல்டிஓ=ஆட்டோ (ஜிசிசி 10) போடுங்கள். நினைவகம் குறைந்த இயந்திரமென்றால் ஆட்டோவுக்குப் பதில் 2 என்று எண் கொடுங்கள். இடைக் கோப்புகள் டெம்ப் அடைவில் குவியும். அது ரேமிலேயே ஏற்றிய டெம்ப்எஃப்எஸ் என்றால் மிச்ச நினைவகத்தையும் அது தின்னும். டிஎம்பிடிர் மாறியை வட்டுக்குத் திருப்பிவிடுங்கள். கிளாங்கில் -எஃப்எல்டிஓ=தின் இந்தத் தலைவலிக்காகவே எல்எல்விஎம் 3.9-ல் வந்தது.

எல்டிஓ புதிதாக எச்சரிக்கை கொட்டுகிறது

‘டைப் மிஸ்மேட்ச்’, ‘ஓடிஆர்’ (ஒரு பெயருக்கு ஒரே வரையறை என்ற சி++ விதி) என்று வருபவற்றை அணைத்துவிடாதீர்கள். இதுவரை எந்தக் கருவியும் சொல்லாத உண்மையை எல்டிஓ இலவசமாகச் சொல்கிறது. ஒரு கோப்பில் எண்ணிக்கை என்ற மாறி லாங், இன்னொன்றில் எக்ஸ்டர்ன் இன்ட். லிங்கருக்குப் பெயர் ஒத்துப்போனால் போதும், வகையை அது பார்ப்பதில்லை. 64 பிட் லினக்ஸில் எட்டு பைட்டில் நான்கை மட்டும் படித்து, எண் சிறிதாக இருக்கும்வரை எல்லாம் சரியாகவே ஓடும். எக்ஸ்டர்ன் அறிவிப்பை .சி கோப்பில் எழுதாமல் ஹெடரில் ஒரே இடத்தில் வைத்தால் இது தீரும். சி++-ல் இரண்டு கோப்பில் ஒரே பெயரில் இரண்டு வேறு ஸ்ட்ரக்ட் இருந்தால், ஒவ்வொன்றையும் பெயரில்லா நேம்ஸ்பேஸுக்குள் போடுங்கள்.

ஜிசிசி 10-க்கு மாறியதும் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ வந்தால் அது எல்டிஓ அல்ல. ஹெடரில் எக்ஸ்டர்ன் இல்லாமல் மாறி எழுதியிருக்கிறீர்கள். முன்பு பொறுத்துக்கொண்டதை, இயல்பாகவே வரும் -எஃப்நோ-காமன் இப்போது பொறுப்பதில்லை.

ஃபங்ஷன் அல்லது வரி காணாமல் போகிறது

அசெம்பிளியிலிருந்தோ இன்டரப்ட் அட்டவணையிலிருந்தோ மட்டும் கூப்பிடப்படும் ஃபங்ஷனை, யாருக்கும் வேண்டாதது என்று எல்டிஓ எறிந்துவிடும். ‘யூஸ்டு’ ஆட்ரிப்யூட் போடுங்கள். லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பகுதிக்குக் ‘கீப்’ வேண்டியிருக்கும். அசெம்பிளி வரியில் .சிம்வெர் (ஃபங்ஷன் பெயருக்குப் பதிப்பு குறிப்பது) எழுதும் லைப்ரரிகள் எல்டிஓவில் உடைவது பழைய கதை; ஜிசிசி 10-ல் அதற்கென்றே சிம்வெர் ஆட்ரிப்யூட் வந்தது.

கடவுச்சொல்லை அழிக்கப் போட்ட மெம்செட் போய்விடுகிறதென்றால், அதற்கப்புறம் அந்த இடத்தை யாரும் படிக்கவில்லை என்பதே காரணம். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில், 2.25-லிருந்து, இதற்கென்றே எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ உள்ளது.

எல்லாம் சரி, வேகம்தான் கூடவில்லை

ஓ3 எப்போதும் ஓ2-வைவிட வேகம் என்பது நம்பிக்கை மட்டுமே. நிரல் பருத்துக் கேச்சில் அடங்காமல் மெதுவாவதும் நடக்கும். ஜிசிசி 12-லிருந்து ஓ2-விலேயே ஓரளவு வெக்டரைசேஷன் (லூப்பில் பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது) வந்துவிட்டதால் இடைவெளி இன்னும் சுருங்கியிருக்கிறது. நேரம் அளக்கும் கருவியான பெர்ஃப் வைத்து எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள், அந்த லூப் ஏன் வெக்டர் ஆகவில்லை என்று -எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்டு சொல்லும். மாறாக, சோதனை லூப் 0 நொடியில் முடிந்தால் கொண்டாடாதீர்கள். விடையை யாரும் பயன்படுத்தாததால் லூப்பையே எடுத்திருக்கும்.

கம்பைலர்தான் தப்பு என்று இப்போதும் தோன்றினால்

இருக்கலாம், கம்பைலரிலும் பக் உண்டு. புகார் எழுதும் முன் -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங், -எஃப்ராப்வி, -எஃப்நோ-அக்ரெசிவ்-லூப்-ஆப்டிமைசேஷன்ஸ் மூன்றையும் போட்டு ஏதாவது மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லி ஜிசிசியின் பக்கமே கேட்கிறது. மாறினால் உங்கள் நிரலைத்தான் பார்க்க வேண்டும். மாறவில்லையென்றால் -சேவ்-டெம்ப்ஸ் போட்டு .ஐ கோப்பை எடுத்து, சி-ரெட்யூஸிடம் கொடுங்கள். அது வரி வரியாக வெட்டிக் குறைக்கும். குறைக்கும்போது புதிதாக ஒரு விதிமீறலை அதுவே உண்டாக்கிவிடும் பழக்கம் அதற்கு உண்டு, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சானிடைசரையும் எச்சரிக்கைகளையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

ஒரு தடவை இப்படி இரவு முழுக்கக் குறைக்கவிட்டு, காலையில் இருபது சொச்சம் வரியில் அழகான சான்று கிடைத்தது. புகார்ப் படிவத்தைத் திறந்து பாதி எழுதியும் விட்டேன். ஒட்டும்போதுதான் நடுவில் ஒரு மாறிக்கு மதிப்பே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. சி-ரெட்யூஸ் வெட்டியதில் போயிருக்கும் என்று மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. எழுதியது யார் என்று கிட் பிளேமில் கேட்டேன். என் பெயர் வந்தது.